ஐம்பது ரூபாய் ரப்பர்

(நாகர்கோவிலில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



என்னை அழைத்த நண்பர், "புதுசா ஏதாவது தொழில்நுட்பம் பத்திப் பேசுங்க சார்" என்றார். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். புதுசாகத் தெரிந்தது எதுவும் என் கையில் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை மாருதி 800 நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1997 மாடல். பதினெட்டு வருடமாக அது என் வீட்டில் இருக்கிறது. அதைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். நண்பரின் முகம் சற்று வாடியது. ஆனாலும் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள்.

இந்த வண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். விலை சுமார் 50,000 ரூபாய். அதுவரை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான் கார் என்றிருந்த நாட்டில், 796 சிசியில், மூன்று சிலிண்டரில் ஒரு பெட்டி வந்து நின்றது. "இது காரா, டப்பாவா?" என்று கேட்டவர்களே பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள். 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அவ்வளவுதான் சரித்திரம். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதை. கம்பெனி கைவிட்ட வண்டியை வைத்திருப்பவனுக்கு என்னென்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்பதை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல சார், கல்லு மாதிரி கெடக்கு. ரப்பர் எல்லாம் போயாச்சு. வயசாயில்லா?"

முப்பது வருடம் நான் கரும்பலகையில் வரைந்தது பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும். ரப்பருக்கு ஒரு பீரியட்கூட ஒதுக்கியதில்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் பழைய டைரிகளை எடுத்தேன். காருக்குச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதை வீட்டில் நோய் என்பார்கள். எந்தப் பெரிய செலவை எடுத்தாலும், அதற்கு முந்திய பக்கங்களில் எங்கோ ஒரு ரப்பர் கிழிந்தோ வெடித்தோ கிடந்தது.

ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்தில் நின்றுகொண்டு ரப்பரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஷீட் அடிப்பதும் ஒட்டுப்பால் பொறுக்குவதும் என்னைவிட உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தோட்டத்தை விட்டுப் போன ரப்பர் காரில் எப்படிச் சாகிறது என்பதைத் தோட்டக்காரர்கள் பார்ப்பதில்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் உருகாத, குளிரில் உடையாத பொருளைக் கண்டார். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே பாலம் போடுகிறது. அந்த வேலை தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் மெல்ல மெல்லத் தொடர்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து இழைகளை மாற்றுகிறது. நாளாக நாளாக ரப்பர் இறுகும், விரலால் அழுத்தினால் குழையாது, ஒருநாள் மடிப்பு விழும் இடத்தில் கோடு விடும். இதற்கு வண்டி ஓட வேண்டும் என்பதே இல்லை. சும்மா நின்றாலும் நடக்கும்.

"நம்ம வண்டி ரொம்ப ஓடல சார், முப்பதாயிரம்தான்" என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். இருபது வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரைக் கண்டால் எனக்குப் பயம். டயரில் மெழுகு மாதிரி ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போது அது கசிந்து மேலே வந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தின்னாமல் காக்கும். நிற்கிற வண்டியில் அது மேலே வராது. அதனால்தான் ஷெட்டில் நின்ற காரின் டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேயாமல் இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் வலை மாதிரி ஓடியிருக்கும்.

டயர் பற்றி ஒரு சிறிய விஷயம், இதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாலும் வந்ததற்கு லாபம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2311 என்றிருந்தால் 2011-ஆம் வருடம் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர். சமீபத்தில் ஒரு நண்பர் மகனுக்குக் கார் பார்க்கப் போனோம். விற்பவர் "டயர் நாலும் புதுசு சார், பட்டன் பாருங்க" என்றார். நான் குனிந்து தடவிப் பார்த்தேன். 0814. ஸ்டெப்னியைப் பார்த்தேன், அது இன்னும் மூத்தது. சில நேரம் அந்த எண் உட்பக்கமாகத் திரும்பியிருக்கும். காரின் அடியில் தலையை விட வேண்டும். வெள்ளை வேட்டியோடு கார் பார்க்கப் போகாதீர்கள்.

இனி, செலவுகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்போம்.

பழைய 800 வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் முதலில் "ஹீட் ஆகுது" என்பார். இந்த எஞ்சினின் தலை அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் வளையும். வளைந்தால் ஹெட் கேஸ்கட் போகும். தண்ணீரும் ஆயிலும் கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் காபி டிகாக்‌ஷனில் பால் விட்டது மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு தலையைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, ஃபேஸிங் செய்து, புதுக் கேஸ்கட் போட்டு மாட்ட வேண்டும். இதன் தொடக்கம் என்ன? ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒரு ரப்பர் ஹோஸ். அல்லது ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வாஷர், ஐம்பது ரூபாய் பெறாது. அந்த வாஷர் இறுகிப்போனால் மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து, மூடி வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கீழே சொட்டாததால் நமக்குத் தெரியாது. நாம் என்ன செய்கிறோம்? வீட்டு போர் தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து ஊற்றுகிறோம். அது உப்புத் தண்ணீர். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கூலன்ட் என்று பச்சையாக விற்பதில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. நம் ஊரில் உறைபனி இல்லையே, அது எதற்கு என்று நானே ஒரு காலத்தில் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இதில் இன்னொரு கூத்து. எஞ்சின் போதிய சூடு பிடிக்கும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்க தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு சார்" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டர் விசிறியை ஒரு சுவிட்சில் கொடுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். நானும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு வருடம் என் எஞ்சின் குளிர்ந்தே ஓடியது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைச் சரியாக எரிக்காது, ஆயில் கெடும், மைலேஜ் இறங்கும். டைரியைப் பார்த்தால் அந்த இரண்டு வருடம் லிட்டருக்குப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. வால்வைத் திரும்பப் போட்ட பிறகு பதினைந்துக்கு வந்தது.

அடுத்தது ஆக்ஸில் பூட். முன் சக்கரம் ஓட்டுகிற வண்டிகளில் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதற்காக உள்ளே ஒரு மூட்டு. நம் முழங்கால் மாதிரிதான். அந்த மூட்டைச் சுற்றி, கிரீஸ் வெளியே போகாமலும் மணல் உள்ளே வராமலும், விசிறி மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் சுழற்சியில் தெறித்துச் சக்கரத்தின் உட்பக்கம் கருப்பாக அப்பும். மழையில் சாலைச் சேறு உள்ளே போகும். சில மாதத்தில் முழு ஸ்டியரிங் ஒடித்துத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தபின் உறையை மாற்றிப் பயனில்லை. முழு மூட்டையும் மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் ஆகும். உறை சில நூறு ரூபாய். கோட்டாறு சந்தையில் ரிவர்ஸ் எடுத்தபோது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினேன். இதைத்தான், படித்தவன் செய்கிற வேலை என்பார்கள்.

டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். அதைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றச் சொல்வார்கள். கொஞ்சம் ஓடுகிற வண்டிக்கு வருடக் கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர் எப்போது மாற்றியது என்று கேட்க, விற்பவர் "இப்பதான்" என்றால், பில்லைக் காட்டாத "இப்பதான்" எல்லாம் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு குணம். மூன்று பிஸ்டன் மாறி மாறி ஏறி இறங்கும்போது எஞ்சின் தொட்டில் மாதிரி ஆட முயலும். அந்த ஆட்டத்தை வண்டிக்குள் வராமல் தடுப்பது எஞ்சின் மவுண்டிங் ரப்பர். பெரும்பாலும் இயற்கை ரப்பரில் செய்வது, ஒருவேளை உங்கள் தோட்டத்துப் பாலாகக்கூட இருக்கலாம். அது உட்கார்ந்துவிட்டால் சிக்னலில் நிற்கும்போது கியர் கம்பி நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். இதற்கு "எஞ்சின் வேலை பார்க்கணும்" என்று பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுத்த இடங்கள் உண்டு. முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள்.

பிரேக்கில் விளையாட்டு வேண்டாம், அதனால் இதை நிறுத்திச் சொல்கிறேன். பின் சக்கரத்து வீல் சிலிண்டருக்குள் சிறிய ரப்பர் கப் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உள்ளே துரு பிடித்து அந்தக் கப்பை அறுக்கும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாகத் தெரிந்தால் அன்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். இன்னொன்று: பிரேக் ஆயில் குறைந்தது என்று கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பெட்ரோலைத் தாங்குகிற ரப்பர் வேறு, பிரேக் ஆயிலைத் தாங்குகிற ரப்பர் வேறு. பிரேக்கில் இருக்கும் ரப்பர் எஞ்சின் ஆயிலைக் குடித்து, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஊதிவிடும். பிறகு பிரேக் பிடிக்கலாம், பிடித்தது விடாமலும் போகலாம்.

இப்போது எல்லோரும் என்னைக் கேட்கிற கேள்வி, எத்தனால். பங்கில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்றது. என் வண்டி பிறந்த காலத்தில் எத்தனால் கலப்பு என்ற பேச்சே கிடையாது. மைலேஜைக்கூட விட்டுவிடுகிறேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம். கார்புரேட்டருக்குள்ளும் பெட்ரோல் பம்ப்புக்குள்ளும் இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம்களுக்கும், பழைய பெட்ரோல் குழாய்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோல் வாடை காருக்குள் வந்தால் ஊதுபத்தி மாட்டாதீர்கள், குழாயை மாற்றுங்கள். நான் பெட்ரோல் லைன் முழுவதையும் மாற்றினேன். பெட்ரோல் டேங்க்கில் தேங்காதிருக்க வாரம் ஒருமுறை சுசீந்திரம் கோயில்வரை போய்வருகிறேன். தாணுமாலயன் மேல் எனக்குப் பக்தி கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

கார்புரேட்டரைத் தொடத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இன்று அதைவிடப் பெரிய பிரச்சினை. இளம் மெக்கானிக்குகள் வந்ததும் கம்ப்யூட்டர் மாட்டும் சாக்கெட்டைத் தேடுகிறார்கள். இல்லை என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

துரு பற்றிச் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கடற்காற்று கேட்டைத் தின்கிற வேகம் உங்களுக்குத் தெரியும். காரில் துரு வருவதற்கும் பெரும்பாலும் ரப்பர்தான் கதவு திறந்துவிடுகிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தங்கும். மேலே மேட் காய்ந்திருக்கும், கீழே தகடு அழுகிக்கொண்டிருக்கும். பழைய கார் பார்க்கும்போது மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பாட்டரியின் அடித்தட்டைப் பாருங்கள். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்போமே, அது போதும். கதவின் அடிப்பக்கத்தில் வையுங்கள். தகடாக இருந்தால் "டப்" என்று ஒட்டும். பட்டி பூசி பெயின்ட் அடித்த இடமாக இருந்தால் வழுக்கி விழும். விற்பவர் முகம் அப்போது மாறும் பாருங்கள், அதற்காகவே காந்தம் வாங்கலாம்.

கிளட்ச், பாட்டரி, பிளக் எல்லாம் எல்லா வண்டிக்கும் உள்ளது. அதில் நேரத்தைச் செலவிடவில்லை. பணத்துக்கு வருகிறேன்.

போன வருடக் கணக்கு. 2,400 கிலோமீட்டர் ஓட்டினேன். லிட்டருக்குப் பதினைந்து வீதம் 160 லிட்டர், சுமார் 16,000 ரூபாய். ஒர்க்‌ஷாப் செலவு 11,400. அதில் உதிரிப்பாகம் 3,900-தான், மீதி 7,500 கூலி. 800-க்குப் பாகம் மலிவு, இன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் ஐம்பது ரூபாய் வாஷரை மாற்றவும் அதைச் சுற்றியுள்ளதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் ஒன்றைக் கழற்றும்போது பக்கத்திலுள்ள ரப்பரையும் சேர்த்து மாற்றிவிடுவேன். பாகத்துக்கு இருநூறு கூடும், கூலி ஒன்றே. இன்ஷூரன்ஸ், 1,000 சிசிக்குக் கீழ் உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094. ஓட்டுகிற உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,900-க்குப் பக்கம்.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2017-இல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. அந்த வருடமே என் முறை வந்தது, கட்டினேன். 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். 2027-இல் அதைக் கட்ட வேண்டும். வண்டியை விற்றால் முப்பதாயிரம் தேறுமா என்பதே சந்தேகம். இதைச் சொன்னால் சிலர் அரசைத் திட்டச் சொல்கிறார்கள். புகை கக்கும் வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. புகைச் சோதனையில் எளிதாகத் தேறுகிற வண்டிக்கும் தட்டுத்தடுமாறித் தேறுகிற வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

2022-இல் கட்டிய அந்த 5,000-ஐ வருடத்துக்கு ஆயிரமாகப் பிரித்துச் சேர்த்தால் போன வருட மொத்தம் 31,300. கிலோமீட்டருக்கு 13 ரூபாய். என் மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இதுக்கு ஆட்டோவுலயே போயிரலாமே" என்றான். மடக்கியதாக நினைத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் குறைக்கும் பட்டியலை அவனிடம் காட்டினேன். முதல் வருட முடிவில் 15 சதவீதம் கழிப்பார்கள், ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம். ஐந்து லட்சத்துக்குப் புதுக்கார் வாங்கினால், பெட்ரோல் போடாமல் ஷெட்டில் நிறுத்தினாலும் அந்தக் கணக்குப்படி வருடத்துக்கு 50,000 ரூபாய் கரைகிறது. பாங்க் கடன் வட்டி தனி. மதிப்பு கரைவது பில்லாக வராததால் யாரும் அதை டைரியில் எழுதுவதில்லை. என் செலவு 11,400, கிரீஸ் கறையோடு கையில் வருவதால் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் பாதுகாப்பு சேரவில்லை. என் காரில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, 650 கிலோத் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நான்குவழிச் சாலையில் அதை ஏற்றுவதில்லை. திருநெல்வேலிக்கு என்றால் பஸ்தான். பேத்தி பிறந்த பிறகு இந்த விதியை வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஹைவேயில் போகிற இளைஞர் யாராவது என்னைக் கேட்டால், பழைய 800 வாங்காதே என்றுதான் சொல்வேன். ஊருக்குள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய்வருகிறவர், கையில் கொஞ்சம் நேரமும் பக்கத்தில் நல்ல மெக்கானிக்கும் உள்ளவர் என்றால், முதலில் வாங்கும் விலைக்குச் சமமாக இன்னொரு தொகையை எடுத்து வைக்கச் சொல்வேன். முதல் ஆறு மாதத்தில் ஹோஸ், பெல்ட், பூட், மவுண்டிங், பிரேக் கிட், டயர், பீடிங், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு இரும்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்விகள் இருக்கும், தெரிகிறது. ஆனால் வெளியே தூறல் விழுகிற சத்தம் கேட்கிறது. இவ்வளவும் உங்களுக்குச் சொன்ன நான், வலது பக்கக் கதவின் பீடிங்கை இன்னும் மாற்றவில்லை. வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்து போர்ட்டிகோவுக்குள் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அதற்குள் டீ கொடுத்துவிடுங்கள்.